மச்சான் பிடித்த கயிறு

எங்கள் சிடாம் கிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரம், செம்பனை. மலாய்மொழியில் 'கிரி' என்றால் இடது. பக்கத்திலேயே 'சிடாம் கானான்' என்று வலதும் இருக்கிறது. ஆனால் என் பாட்டிக்குக் கடைசிவரை 'கிரி' என்றால் மலைதான். "பேருதான் கிரி. ஒரு மேட்டைக்கூடக் காணோமே" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார்.

மலைகூட இல்லாத ஊரில் கடலுக்கு எங்கே போவது? தோட்டத்து ஓடையில் முழங்கால் தண்ணீரில் ஆடியதுதான் எங்கள் நீச்சல். அம்மா அதற்கும் பிரம்போடு வருவார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று கோல மூடா கடற்கரைக்குக் குடும்பத்தோடு போவதாக இருந்தோம். சித்தப்பாவின் வேன் காலையிலேயே மக்கர் செய்ததால் பயணம் நின்றுபோனது. சோறும் கோழிப் பிரட்டலும் வீட்டுத் திண்ணையிலேயே தீர்ந்தன. மதியத்துக்கு மேல்தான் சுனாமிச் செய்தி வந்தது. கோத்தா கோல மூடாவின் மீனவக் கம்பங்களில் வீடுகள் சிதைந்தன. நாடு முழுவதும் 68 பேர் இறந்துபோனார்கள். அதிகம் பேர் பினாங்கில். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வாக்கியம்தான்: "கடல் சொல்லிக்கிட்டு வராது."

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். காரணம், என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. என்னைவிட ஆறு வயது இளையவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்கூபா முக்குளிப்பு கற்றுக்கொண்டு சான்றிதழும் வாங்கிவிட்டார். தீபாவளிக்கு வந்தவர் கைபேசியில் கடலடிப் படங்களைக் காட்டி, "மாமா, ஒரு தடவை கீழே போய்ப் பாருங்க. அப்புறம் மேலே இருக்கவே பிடிக்காது" என்றார். மேலே இருக்கப் பிடிக்காது என்ற சொல் என் மனைவிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வழக்கைத் தீர்த்து வைத்தவர் மாமியார். அவருடைய பாட்டன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். "எங்க ஊர்ப் பக்கம் முத்துக் குளிக்கப் போறவன் இடுப்புக் கயித்தை மச்சான்தான் பிடிப்பானாம். வேற யார் கையிலும் குடுக்க மாட்டாங்களாம். தன் அக்காவோட தாலியாச்சே, அசந்து போவானா?" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "நீ கூடவே இருப்பியாடா?" என்று கேட்டார். "இருப்பேம்மா" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன் என்று இப்போது நினைவு.

முதல் பாடம் நீச்சல் குளத்தில். பயிற்சியாளர் ஒரு மலாய்க்காரர், எல்லோருக்கும் 'அபாங்'. முதலில் அவர் கொடுத்தது மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில், சைனஸில் தொல்லை உண்டா என்று நீளமான பட்டியல். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். அன்றைக்கு அது உண்மைதான்.

தண்ணீருக்கடியில் பேச முடியாது. எல்லாம் கை ஜாடை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் 'நலம்'. உள்ளங்கையை விரித்து ஆட்டினால் 'ஏதோ கோளாறு'. கட்டைவிரலை உயர்த்தினால், நாம் நினைக்கும் 'சூப்பர்' அல்ல. 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எனக்கு இது மண்டையில் ஏறவில்லை. குளத்தின் அடியில் உட்கார்ந்து முதல்முறையாக மூச்சு விட்டபோது வந்த மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அபாங் என்னை அப்படியே மேலே கொண்டுவந்துவிட்டார். மறுபடி இறங்கினேன், மறுபடி மகிழ்ந்தேன், மறுபடி மேலே வந்தேன். மூன்றாவது முறை அவர் சொன்னது: "கட்டைவிரலைப் பார்த்தால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். ஏன் என்று விவாதிக்கவும் மாட்டோம். மேலே போவோம். அவ்வளவுதான்." அந்த விதியின் விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

கடல் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம் நம் கெடாவிலேயே இருக்கும் பாயார் தீவு. வருடக் கடைசியில் கிழக்குக் கரையில் பருவமழை. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரையில் அப்போது அலை அடங்கியிருக்கும். பள்ளி விடுமுறையும் அந்தச் சமயத்தில்தான் என்பதால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடவே கிளம்பினார்கள்.

சுங்கை பட்டாணி வழியாக வடக்கே போய், அலோர்ஸ்டாரில் பசியாறிவிட்டு, கோலக் கெடா படகுத்துறையில் லங்காவி ஃபெரியைப் பிடித்தோம். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், தெற்கே நீலமாக ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம்; அதைப் பார்த்துத்தான் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கப்பலைத் திருப்புவார்களாம். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்கு வந்ததும் இந்தப் பக்கத்துக் கடல்தான். மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "அவங்களுக்கும் இப்படி வாந்தி வந்துச்சாப்பா?" என்று கேட்டாள். அவள் கையில் ஏற்கெனவே பிளாஸ்டிக் பை இருந்தது.

பாயாரில் இரவு தங்க முடியாது. அதனால் லங்காவியில் அறை. காலையில் படகேறித் தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் என்று நான்கு சிறு தீவுகள் சேர்ந்து ஒரு கடல் பூங்கா. கரையைச் சுற்றி இரண்டு கடல் மைல் தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை. சிப்பி, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. மீன்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. மணலில் கால் வைத்தவுடனே வந்து சூழ்ந்துகொள்கின்றன.

முதல்நாள் சிறு சிறு விபத்துகளுக்குக் குறைவில்லை. வெட்சூட் உடையை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டு, ஜிப்பைத் தேடிப் பத்து நிமிடம் போராடினேன். படகில் நாசி லெமாக்கை வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். அது திரும்பி வந்தபோது கீழிருந்த மீன்கள் வரவேற்றன. துடுப்புக் காலணியோடு முன்னோக்கி நடக்க முயன்று, ஒரு சீனத் தம்பதியின் சாப்பாட்டுப் பொட்டலத்தின்மேல் விழுந்தேன். பின்னோக்கித்தான் நடக்க வேண்டுமாம். அதையும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் தலை தண்ணீருக்குள் போன நொடியில் எல்லாம் மறந்துபோனது. முதலில் காதில் விழுந்தது என் மூச்சு. பிறகு படபடவென்று ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சத்தம். பாறை இடுக்கில் இருக்கும் சின்ன இறால்கள் எழுப்புவது என்று பிறகு தெரிந்தது. ஏழெட்டு மீட்டர் தூரம்வரை கண்ணுக்குத் தெரிந்தது. சபா மாநிலத்துக் கடலைப் பார்த்தவர்கள் இதைக் கலங்கல் என்பார்கள். ஓடைத் தண்ணீர் பார்த்த எனக்கு அது கண்ணாடி. கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்தன. ஒரு களவா மீன், வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் கிடக்கும் பெரியவர் போல, எங்களை லட்சியமே செய்யவில்லை. தீவின் தென்மேற்கு மூலையில் மென்பவளங்கள்: ஊதா, ரோஸ், மஞ்சள். திருவிழாவுக்குக் கட்டிய காகிதப் பூ மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவை செடியல்ல, உயிரினங்கள் என்று அபாங் முதல்நாளே சொல்லியிருந்தார். கை ஒன்று தெரியாமல் பட்டாலும் காயம் அவற்றுக்குத்தான்.

அன்று இரண்டு முழுக்கு, பன்னிரண்டு மீட்டருக்குள். மேலே வந்ததும் மனைவியிடம், "நாளைக்குப் பதினெட்டு மீட்டர்!" என்றேன். சான்றிதழுக்கு நான்கு முழுக்கு வேண்டும். இன்னும் இரண்டே பாக்கி.

அன்றிரவே மூக்கு அடைத்தது. நாள் முழுக்க உப்புத் தண்ணீர், ஈரத் துணி, அறையில் ஏர்கான். விடிகாலையில் சளி கட்டிக்கொண்டது. சளியோடு இறங்கக் கூடாது என்பது முதல் பாடத்திலேயே படித்தது. ஆனாலும் கணக்குப் போட்டேன். பயிற்சிக்குக் கட்டிய பணம், படகு, அறை, ஐந்து பேரின் ஃபெரி டிக்கெட். அலுவலகத்தில் எடுத்த விடுப்பு. வாட்ஸ்அப்பில் தோட்டத்துப் பழைய நண்பர்களுக்கு அனுப்பிவிட்ட படம். 'நம்ம சிடாம் கிரி பையன் கடலுக்கு அடியில்' என்று வந்த முப்பது பதில்கள். இத்தனைக்கும் பிறகு, 'எனக்கு மூக்கடைப்பு' என்றா சொல்வது? கடையில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். படகில் அபாங், "எல்லாரும் நலமா? சளி, காய்ச்சல் யாருக்கும்?" என்று கேட்டார். விரலை வட்டமாக்கிக் காட்டினேன். மச்சான் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு. தண்ணீருக்கு மேலே நம்மீது ஒரு மடங்கு காற்றழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு. ஒரு பலூனைக் கொண்டுபோனால் அங்கே பாதியாகச் சுருங்கிவிடும். நம் செவிப்பறைக்குப் பின்னாலும் ஒரு சின்னக் காற்றறை இருக்கிறது. அதுவும் சுருங்கும். அதனால்தான் இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாகக் காற்றை நிரப்ப வேண்டும். சளி பிடித்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைப்போம். அழுத்தம் வேகமாக இரட்டிப்பது முதல் பத்து மீட்டரில்தான்.

மூன்று மீட்டரில் வலது காது லேசாக இறுகியது. ஊதினேன். திறக்கவில்லை. ஐந்து மீட்டரில் ஊசி குத்துகிற மாதிரி. பலமாக ஊதினேன். ஏதோ திறந்த மாதிரி இருந்தது, இன்னும் இறங்கினேன். ஏழு மீட்டர் இருக்கும், காதுக்குள் கத்தியை விட்டுத் திருகியது போல் வலித்தது. அபாங் முன்னால் இன்னொரு மாணவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். மச்சான் என் முகத்துக்கு நேரே வந்தார். தன் காதைத் தொட்டு, உள்ளங்கையை ஆட்டினார். 'காதில் கோளாறா?'

நான் விரலை வட்டமாக்கினேன். 'நலம்.'

கண்ணாடிக்குள் என் கண்ணில் நீர் முட்டுகிறது. வலி தாங்காமல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படியும் 'நலம்' என்கிறேன். யாரை ஏமாற்ற? மச்சான் இரண்டு விநாடி பார்த்தார். பிறகு என் மிதவைச் சட்டையின் தோள்வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலை உயர்த்தினார்.

அதற்கு மறுபேச்சு இல்லை.

மேலே போவதும் சுலபமாக இல்லை. மாத்திரையால் சற்றுத் திறந்து காற்று உள்ளே போன காது, இப்போது வெளியே விட மறுத்தது. திடீரென்று உலகம் சுழன்றது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. உடம்பு முழுவதும், 'உடனே மேலே பாய்' என்று கத்தியது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும். ஸ்கூபாவில் முதல் கட்டளையே 'மூச்சை அடக்காதே' என்பதுதான். மச்சான் வாரை விடவில்லை. தன் வாயருகே கையை வைத்து, 'விடு, இழு, விடு' என்று காட்டிக்கொண்டே இருந்தார். பாதி வழியில் நிறுத்தினார். மயக்கம் தணியும்வரை காத்திருந்தார். அபாங்கும் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். வெயிலில் தலை வெளியே வந்தபோது கண்ணாடிக்குள் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்திருந்தது.

படகில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அபாங் ஒன்றே ஒன்று கேட்டார்: "காலையில் கேட்டேனே?" என்னிடம் பதில் இல்லை. மச்சான் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "மாமா, நீங்க பொய் சொன்னா நான் அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றார். அதற்கும் இல்லை.

மீதி நாள் முழுவதும் கரையில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் அளவு தண்ணீரில், துடுப்பின் நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் கரையோரம் வட்டமிட்டன. என் பிள்ளைகள் முதலில் அலறினார்கள். அவை மனிதரைச் சீண்டுவதில்லை என்று புரிந்ததும் அசையாமல் நின்று பார்த்தார்கள். நான்கூடப் பதினெட்டு மீட்டரை மறந்து அரைமணி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, வலிக்குதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஊர் திரும்பிக் காட்டியதில், செவிப்பறை கிழியவில்லை, ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். இன்னும் இரண்டு மூன்று மீட்டர் போயிருந்தால் கிழிந்திருக்கும் என்றார். இரண்டு மாதம் தலைக்கு ஊற்றும்போதெல்லாம் காதில் பஞ்சு. கொய்ங் என்ற சத்தம் சில வாரம் தூங்கவிடவில்லை. அம்மா மட்டும், "கடல் சொல்லிக்கிட்டு வராதுன்னு சொன்னேனே" என்றார். உண்மையில் கடல் சொல்லிக்கொண்டுதான் வந்தது. மூன்று மீட்டரில் சொன்னது, ஐந்தில் சொன்னது, ஏழில் கத்தியே சொன்னது. சொல்லாமல் இருந்தவன் நான்.

யோசித்துப் பார்த்தால் இது கடலுக்கு மட்டும் உள்ள கதையில்லை. நம் வீடுகளில் 'முடியவில்லை' என்று சொல்லப் பழகவில்லை. நெஞ்சுவலியைக் காற்று என்போம். கடனை மறைத்துக் கல்யாணம் செய்வோம். பணம் கட்டியாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று, இனி எப்படித் திரும்புவது என்று கிளம்பிவிடுவோம். முக்குளிப்பில் ஒரு நல்ல விதி உண்டு: யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் முழுக்கை நிறுத்தலாம். அதற்காக யாரும் கேலி செய்யக் கூடாது. இந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்தால் தேவலை என்று தோன்றியது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் போனேன். இந்த முறை கேள்வித்தாளில் பழைய காது விஷயத்தை எழுதி, மருத்துவரிடம் ஒப்புதல் கடிதமும் வாங்கிப் போனேன். குளத்தில் மறுபடி பயிற்சி. மூன்றாவது முழுக்கு நல்லபடியாக முடிந்தது. காச்சா தீவருகே மீன்களுக்கு வீடாகட்டும் என்று மூழ்கடித்த பழைய மீன்பிடிப் படகுகளின் நிழலைப் பார்த்தேன். ஷீலா மீன் கூட்டம் ஒன்று வெள்ளித் தகடு மாதிரி தலைக்கு மேல் திரும்பியது. நான்காவது முழுக்கில் நான்கு மீட்டரில் வலது காது லேசாக இறுகியது. ஒரு மீட்டர் மேலே போய் ஊதிப் பார்த்தேன். திறக்கவில்லை. மச்சானைப் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்தினேன்.

இரண்டு பேரும் மேலே வந்துவிட்டோம். அந்தச் சான்றிதழை மறுநாள்தான் வாங்க முடிந்தது. அன்று படகில் மச்சான் ஊற்றிக் கொடுத்த தேநீரில் சர்க்கரை அதிகம். அப்படியும் இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பவளப்பாறைகளுக்கு ஓய்வு தர கடல் பூங்காப் பகுதிகளை மூடுவதுண்டு. கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த 2010-இல் தியோமான், ரெடாங் பக்கம் சில இடங்களை மூடினார்கள். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கினால், லூமுட் கடற்படைத் தளத்தில் உள்ளது போன்ற அழுத்த அறையில் வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள். நாசி லெமாக்கை முழுக்கு முடிந்தபின் சாப்பிடுங்கள்.

சளி இருந்தால் கரையிலேயே இருங்கள். குட்டிச் சுறாக்கள் அங்கேயே வரும்.